மலைவழியிற் பதினொரு துவிச்சக்கரவண்டிகள்

வழிக்கு ஆறு என்றொரு பெயர் தமிழில் உண்டு. ஒரு வழியே சென்று பயன் பெற்றவர், அவ்வழியே இனிச் செல்ல இருப்பவர்க்கு அதன் இயல்பையும் இடரையும் எடுத்துச் சொல்லி அனுப்பும் பாட்டை ஆற்றுப்படை என்றனர் பழந்தமிழ்ப் புலவர். பத்துப்பாட்டுள் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் அத்தகையது. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரும் அதற்கு உண்டு. 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டிலே, நன்னன் என்னும் தலைவனை நாடிச் செல்லும் கூத்தர் கூட்டத்துக்குப் புலவர் மலைவழி சொல்கின்றார். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துச் செல்க. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வரும், ஒதுங்கிச் செல்க. பாறை வழுக்கும், பற்றிச் செல்க என்றவாறு அவர் அறிவுரை நீள்கின்றது. வழி தப்பிவிட்டாற் செய்யத்தக்கது யாது என்பதற்கும் அவரிடம் விடை உண்டு. அகன்ற பாறையொன்றில் எல்லோரும் ஒருங்குகூடி உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள். ஒலி கேட்டு மலைவாழ் குறவர் வந்து வழிகாட்டுவர் என்கின்றார்.

இப்பாட்டைப் பல்லாண்டுகளாக வகுப்பிற் படிப்பித்து வருகின்றேன். ஆயினும் அதன் ஒரு நுட்பம் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலேதான் எனக்கு உடம்போடு பொருந்தி விளங்கிற்று. புலவர் வழி சொல்வது தனியொருவனுக்கன்று, ஒரு கூட்டத்துக்கு. தனியே மலை ஏறுபவனுக்கு இல்லாத ஓர் இடர் கூட்டமாய் ஏறுவோர்க்கு உண்டு. முன்செல்வோர் பின்வருவோரை இழந்துவிடுதலே அவ்விடர்.

எமது கலாசாலையைச் சேர்ந்த பதினொருவர் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளை வரை துவிச்சக்கரவண்டியிற் சென்று சேர்ந்தோம். ஆசிரியர் நால்வர், மாணவர் எழுவர். ஆசிரியருள் ஒருவரும் மாணவருள் இருவரும் பெண்பாலார். எண்ணம் மாணவருடையது. மறுப்பதற்கு எமக்குக் காரணங்கள் பல இருந்தன, மனம் இருக்கவில்லை. விடுமுறை குறுகியது, நல்லூர்த் தேருக்கு முன்னர் ஊர் திரும்பிவிடுதல் வேண்டும் என்பது மூத்தோர் விதித்த ஒரே நிபந்தனை.

யாழ்ப்பாணத்தாருக்குத் துவிச்சக்கரவண்டி புதிதன்று. கோயிலுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் அதிலேயே சென்று வளர்ந்தவர் நாம். ஆனால் எமது நிலம் பலகை போன்றது. ஏற்றம் என்று நாம் அறிந்தது பாலத்தின் ஏற்றத்தை மாத்திரமே. மலையில் வண்டி ஓடுதல் எத்தகையது என்பதை எம்முள் ஒருவரே அறிந்திருந்தார். அவர் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, தமிழ் படிக்க வடக்கே வந்த மாணவர். அவர் ஊரே எமது பயணத்தின் முடிவிடமாயிற்று.

புறப்படுமுன் கணித ஆசிரியர் மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். மெதுவாக ஓடுபவர் முன்னே செல்லல் வேண்டும். பத்துக் கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று ஆளெண்ணிக் கொள்ளல் வேண்டும். பதினொருவரும் வந்து சேரும்வரை ஒருவரும் தேநீர் அருந்துதல் கூடாது. மூன்றாம் விதியைக் கேட்டு இளைஞர் சிரித்தனர். முதலாம் விதியே அவர்க்குக் கடினமானது என்பதைப் புசல்லாவை ஏற்றத்திற் கண்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை ஏ-9 சாலை 321 கிலோமீற்றர். அதனை மூன்று நாளிற் கடந்தோம். முதல்நாள் ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம் கடந்து வவுனியாவில் இராத்தங்கல். முறிகண்டியிற் பிள்ளையாரை வணங்கிக் கச்சான் வாங்காமற் போவார் இல்லை. நாமும் அவ்வழக்கம் வழுவவில்லை. மறுநாள் தம்புள்ளை. வெயிலும் எதிர்க்காற்றும் வருத்தினவே ஒழிய, நிலம் எம்மை வருத்தவில்லை.

அவ்விரண்டாம் நாட் காலையில் மதவாச்சிச் சந்தியில் எமது வரலாற்று ஆசிரியர் வண்டியை நிறுத்தினார். மன்னாரிலிருந்து வருஞ் சாலை அங்கேதான் வந்து கூடுகின்றது. அவர் ஓடியது தந்தையார் காலத்து றலி வண்டி. இரும்பின் பாரம் முழுவதும் அதில் உண்டு, கியர் என்பது இல்லை. அவ்வண்டியிற் சாய்ந்து நின்றபடி அவர் மாணவர்க்கு ஒரு பாடஞ் சொன்னார்.

1820 களிற் கம்பளைப் பகுதியிலே கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அவற்றில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஏழைத் தமிழர் வந்தனர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். இரயில் கண்டிக்கு வந்தது 1867 இல். மாத்தளைக்கு 1880 இல். தலைமன்னாருக்கோ 1914 இலேதான். அதற்கு முன் கால்களே வாகனம். கங்காணி ஒருவரின் கீழ்க் கூட்டங் கூட்டமாய் வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் இருந்தன. நோயுற்று நடக்க இயலாதவனைச் சுமந்து செல்லக் கூட்டத்தாரிடம் வலுவில்லை, காத்திருக்க உணவில்லை, தொற்றிவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே வழியோரத்திற் கைவிடப்பட்டு மாண்டவர் மிகப் பலர்.

“இனி மாத்தளைவரைக்கும் நாங்கள் ஓடப்போறது அந்தச் சனம் நடந்த வழிதான். கவனமாய்ப் பாத்துக்கொண்டு வாருங்கோ” என்று அவர் முடித்தார். 2023 ஆம் ஆண்டிலே, அம்மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து சென்றதையும் அவர் நினைவூட்டினார். மலையக மாணவர் ஒன்றும் பேசவில்லை. மிகிந்தலை கடந்து, தம்புள்ளை கடந்து, நாலந்தாவின் மரநிழல்களூடே சென்ற போதெல்லாம் அவர் சாலையின் இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் மாத்தளை வழியாகக் கண்டியை அடைந்தோம். நான்காம் நாள் பேராதனையையும் கம்பளையையும் கடந்தபின்னரே மலை எம்மை ஏற்றுக்கொண்டது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1868 மீற்றர். இடைவழி ஏறத்தாழ 77 கிலோமீற்றர். கம்பளையோ கண்டியினும் உயர்ந்ததன்று. ஆகவே ஏற்றம் முழுவதும் அதன் பின்னரே கிடக்கின்றது.

ஏற்றத்தில் துவிச்சக்கரவண்டியின் இயல்பே மாறிவிடுகின்றது. றலி போன்ற பழைய வண்டியில் மிதியை ஒருமுறை சுற்றினாற் சில்லு ஐந்து மீற்றருக்கு மேல் உருளும். தட்டை நிலத்தில் அது வரம். மலையில் அதுவே சாபம். அத்தனை தூரத்துக்கும் ஆளையும் வண்டியையும் ஒரே மிதியில் உயர்த்துதல் வேண்டுமன்றோ? கியர் வண்டியின் மிகச் சிறிய கியரிலோ ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றரே நகரும். வேகம் குறையும், ஆயினும் முழங்கால் தாங்கும். எப்படியாயினும் மணிக்கு ஆறேழு கிலோமீற்றருக்கு மேற் செல்லுதல் எம்மாலாகவில்லை. அஃது ஏறத்தாழப் பாதசாரியின் வேகம். ஆகவே நடந்தவர் கண்டதை நாமுங் கண்டோம்: ஒவ்வொரு வளைவிலும் ஒரு நீரூற்று, ஒரு சிறு கோயில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து எம்மைப் பார்த்துச் சிரிக்கும் பெண்கள்.

புசல்லாவை ஏற்றத்தில் இளைஞர் இருவருக்குப் பொறுமை தீர்ந்தது. அவர்களிடம் நல்ல கியர் வண்டிகள் இருந்தன. யார் முதலில் உச்சியை அடைவது என்று பந்தயம் வைத்து மறைந்து போயினர். ஆளெண்ணும் இடத்தில் எண்ணிக்கை ஒன்பதாயிற்று. அன்றிரவு புசல்லாவையில் அவர்களைக் கணித ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. உலகில் துவிச்சக்கரவண்டிக்கு இரு மரபுகள் உண்டென்று ஒரு கதை சொன்னார்.

பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயம் 1903 இல் தொடங்கியது. 1910 இல் அது பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குள் முதன்முதலாகப் புகுந்தது. ஓட்டிகள் அக்காலத்துப் பாரவண்டிகளை மண்பாதையிலே தள்ளிக்கொண்டு ஏறினர். சங்கிலியை ஒரு பல்வட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கியரை அப்பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கவில்லை. வல்லவன் வெல்வதைக் காண்பதே அதன் நோக்கம். அவன் பாரத்தைக் குறைக்கும் கருவி அதற்கு ஆகாது. அதே நாட்டிலே சென் எத்தியென் நகரில் பால் டி விவி என்பார் (1853–1930) வாழ்ந்தார். அவர் மலைகளிலே நெடும்பயணம் செய்வோர்க்காகக் கியர் வண்டியைப் பல்லாண்டுகள் வாதாடிப் பரப்பினார். பசிக்கு முன்னரே உண்க, தாகத்துக்கு முன்னரே பருகுக என்பன போன்ற அறிவுரைகளும் அவருடையன. “பந்தயத்திலை முதல் வாறவனைப் பாப்பினம். பயணத்திலை கடைசியா வாறவனைப் பாக்கவேணும். நீங்கள் எதுக்கு வந்தனீங்கள் எண்டதை இரவைக்கு யோசியுங்கோ” என்று சொல்லிவிட்டு அவர் படுக்கச் சென்றார்.

ஐந்தாம் நாள் மழை. ஓகஸ்ற் மாதத்தில் மலையின் மேற்குப்புறத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று நீரைச் சுமந்து வருகின்றது. கொத்மலை நீர்த்தேக்கம் முகிலின் கீழே எங்கோ இருந்தது, நாம் காணவில்லை. றம்பொடையிலே அருவிகளின் ஓசையைத்தான் முதலிற் கேட்டோம். மலையைக் குடைந்த சுரங்கவழியைத் தாண்டிய பின், சாலை மடிந்து மடிந்து மேலே ஏறத் தொடங்கியது. ஒரு வளைவில் ஓடும்போது, சற்றுமுன் கடந்த வளைவு காலுக்குக் கீழே தெரியும். வரலாற்று ஆசிரியர் வண்டியில் இருந்து இறங்கித் தள்ளத் தொடங்கி நெடுநேரமாயிற்று. வளைவொன்றின் ஓரத்திருந்த தேநீர்க்கடையில் நாம் ஒதுங்கியபோது, அவர் கைகள் நடுங்கின. வெலிமடைக்கு வெறுமையாய்த் திரும்பும் மரக்கறி லொறியொன்று அங்கே நின்றது. சாரதி நல்லவர்; வண்டியையும் ஆளையும் ஏற்றிச்செல்லத் தாமே முன்வந்தார்.

“பண்டிதர், நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. நான் லொறியிலை போய் நுவரெலியாவிலை நிக்கிறன். என்னாலை எல்லாருக்கும் சுணக்கம்” என்றார் அவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐம்பது வயதைக் கடந்த எனக்கு அந்த லொறியின் மேல் உள்ளூர ஆசையும் இருந்தது. அப்பொழுதுதான் மலையக மாணவர் வாய் திறந்தார். மதவாச்சிச் சந்தியிலிருந்து அவர் சுமந்துவந்த சொற்கள் அவை.

“ஐயா, எங்க அப்பாயி ஒரு கதை சொல்லுவாங்க. எங்க ஆளுங்க மொதல்ல வந்தப்ப அண்ணன் தம்பி ரெண்டு பேராத்தான் வந்தாங்களாம். மாத்தளைக்கு வர்றதுக்கு முன்னாடியே தம்பிக்குக் காய்ச்சல். நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்னு அவருதான் சொன்னாராம். அண்ணன் வந்துட்டாரு. தம்பி வரவே இல்ல. எந்த நாள்ல செத்தாருன்னு தெரியாததால, எங்க வீட்ல தீபாவளிக்கு மொத நாளு அவருக்கு ஒரு வெளக்கு வைப்போம். இப்பவும் வைக்கிறோம்.”

கடையில் மழையோசை மாத்திரமே கேட்டது. வரலாற்றைக் கற்பித்தவருக்கு அவர் மாணவர் அதனைத் திருப்பிக் கற்பித்துவிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு துயரத்தையும் எமது சிறு களைப்பையும் ஒரு தராசில் வைத்தல் தகாது. அதனை அம்மாணவரும் செய்யவில்லை. ‘நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகின்றேன்’ என்பது பெருந்தன்மையுள்ள சொல். பின்தங்கியவர் அதனைச் சொல்வது எளிது. முன்செல்வோர் அதனை ஏற்றுக்கொள்வது அதனினும் எளிது. வழியோரத்துச் சாவுகள் பல அந்த இரண்டு எளிமைகளுக்கும் நடுவே நிகழ்ந்திருத்தல் கூடும்.

பின்னர் நடந்தது வெறும் ஒழுங்குமுறை. முதல்நாள் பந்தயம் ஓடிய இளைஞருள் ஒருவர் எழுந்து தமது கியர் வண்டியை வரலாற்று ஆசிரியரிடம் தந்தார். றலியைத் தாம் எடுத்துக்கொண்டார். இரண்டு கிலோமீற்றருக்கு ஒருவராக அப்பாரவண்டியை மாறி மாறி ஏற்றுவதென்று கணித ஆசிரியர் முறை வகுத்தார். முறையில் என் பெயரும் இருந்தது. என் பங்கில் ஓடியது சில நூறு மீற்றரே, மிகுதியைத் தள்ளினேன். மாணவியர் இருவரும் தத்தம் முறையை ஒருவரும் இறங்காமலே முடித்தனர் என்பதை இங்கே பதிவுசெய்தல் கடன். ஒருவேளை அவருக்குக் காய்ச்சல் கண்டிருப்பின் லொறியில் ஏற்றுதலே அறம். அப்பொழுது பதினொருவரும் அதில் ஏறியிருப்போம்.

லபுக்கலையின் தேயிலைச் சரிவுகளைக் கடந்து உச்சியை அடைந்தபோது மழை விட்டிருந்தது. குளிர் எலும்பைத் தொட்டது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு இறக்கம்.

ஏற்றம் வலுவைச் சோதிக்கும். இறக்கம் அறிவைச் சோதிக்கும். ஈரமான சில்லில் பிறேக்கட்டை உடனே பிடிக்காது. பிடித்தபடியே இறங்கினாலோ சில்லின் விளிம்பு சூடேறி ரியூப் வெடிக்கவுங்கூடும். ஆகவே பிறேக்கை விட்டு விட்டுப் பிடித்து, ஒருவர்க்கொருவர் முப்பது மீற்றர் இடைவெளி விட்டு இறங்கினோம். மறுநாட் பயணம் பெரும்பாலும் இவ்வாறான இறக்கமே. சீதா எலியவில் அம்மன் கோயிலில் வணங்கி, 1861 இற் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூந்தோட்டத்தைக் கடந்தோம். கடந்த சிறிது தூரத்தில் வானமே வேறாயிற்று. மேற்கே மழையைக் கொட்டிவிட்ட காற்று, ஊவாப் பக்கத்திற் கச்சான் காற்றாய் வறண்டு வீசியது. அந்த வறட்சியே ஊவாத் தேயிலைக்கு மணந் தருவது என்பர். புல்வெளிக் குன்றுகளும் மரக்கறித் தோட்டங்களும் வெயிலிற் கிடந்தன. வெலிமடை, ஹாலி எல வழியாகப் பதுளையை அடைந்து, பின்னும் சிறிது தூரம் தோட்டப்பாதையில் ஏறினோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீற்றர், ஆறு நாள்.

மாணவரின் வீடு ஒரு லயத்தின் கடைக்கோடி அறை. கோப்பி நோயால் அழிந்து 1870 களுக்குப் பின் தேயிலை பரவிய மலைகள் அவை. அங்கே பல தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களை 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சி நின்றோர்க்கு உரிமை நிறைவாகக் கிடைத்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான். ஒரு நாடும் கூட்டமாய் மலை ஏறுவது போன்றதே. முன்சென்றோர் எண்ணிப் பாராது விட்டால், பின்நின்றோர்க்கு அரை நூற்றாண்டு கழிந்துவிடுகின்றது.

அப்பாயி வாசலில் நின்றார். தேநீர் ஆயத்தமாய் இருந்தது. ஆனால் உடனே ஊற்றவில்லை. “எல்லாரும் வந்துட்டாங்களா?” என்று பேரனைக் கேட்டு, பாதையின் வளைவைப் பார்த்தபடி இருந்தார். றலி வண்டியோடு வரலாற்று ஆசிரியர் வந்து சேர்ந்த பின்னரே கோப்பைகள் நிறைந்தன. எமது மூன்றாம் விதியை அவருக்கு ஒருவருஞ் சொல்லியிருக்கவில்லை.

இவ்வழியே செல்ல விரும்பும் ஆசிரியர், மாணவர்க்குச் சில சொல்லி நிறுத்துகின்றேன். ஓகஸ்ற்றில் மேற்கே மழையையும் கிழக்கே காற்றையும் எதிர்பார்த்துச் செல்க. பிறேக்கட்டை இரண்டு சோடி கொண்டு செல்க. கம்பளைக்குப் பின் ஒருநாளில் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் எண்ணற்க. மதவாச்சிச் சந்தியிற் சற்று நின்று செல்க. மிகப் பழைய வண்டியை முன்னே விடுக. நுவரெலியாவை முதலில் அடைந்தவர் யார் என்று கேட்போர் இருப்பர். அதனை எழுதி வைக்க வேண்டியதில்லை. கடைசியாக வந்தவர் சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. எமது குறிப்பேட்டில் அஃது இவ்வாறு உள்ளது: மாலை 6.40, பதினொருவர்.